ஒரு பென்னியும் ஒரு கடிதமும்



பதினேழு வீடுகள்! ஒலேவ் சோம்ஸ் என்ற ஆங்கிலப் பெண் திருமணத்துக்கு முன் குடியிருந்த வீடுகளின் தொகை அது. 1889இல் வசதியான குடும்பத்திற் பிறந்தவர். அவர்கள் விரும்பி மாறினார்கள். நாம் விரட்டப்பட்டு மாறினோம். ஆகவே அதை இதனோடு ஒப்பிடுவதற்கில்லை. பெற்றோரும் வீட்டு ஆசிரியைகளுமே அவருக்குக் கற்பித்தார்கள்.

1912இல் தம்மிலும் 32 வயது மூத்தவரான தளபதி றொபேட் பேடன் பவலை மணந்தார். மஃபேக்கிங் முற்றுகையில் 217 நாட்கள் தாக்குப்பிடித்தவரும் சாரணர் இயக்கத்தைத் தொடக்கியவரும் அவரே. பெண் சாரணர் இயக்கத்துக்கு உதவ 1914இல் ஒலேவ் முன்வந்தபோது அது ஏற்கப்படவில்லை. மறு வருடம் பிரான்சுக்குப் போய்ப் போர்வீரருக்கான ஓய்வுக் கொட்டிலொன்றில் வேலை செய்தார். இரு சிறு பிள்ளைகளையும் தாயிடம் விட்டுச் சென்றார். கைக்குழந்தையை விட்டுப்போவதா என்று நம் தாய்மார் கேட்பார்கள். எமக்கும் அது உறுத்தத்தான் செய்கிறது.

1916இல் சசெக்ஸ் மாவட்டப் பெண் சாரணர் பொறுப்பு கிடைத்தது. 1918இல் நாட்டின் தலைமைச் சாரணியரானார்; 1930இல் உலகத் தலைமைச் சாரணியர். இவ்வியக்கம் 1917இல் கண்டியில் தொடங்கி எம் நாட்டிலும் பரவியது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அணிமுறை. ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் ஓர் அணி. அவர்களுள் ஒருத்தியே தலைவி. சமையல், முதலுதவி, கூடாரம் அடித்தல் எல்லாவற்றையும் தாமே திட்டமிட்டுச் செய்வார்கள். பெரியவர்கள் அருகில் நிற்பார்கள், ஆனால் வேலையைப் பறிக்கமாட்டார்கள். நாமோ பிள்ளை கிணற்றடிக்குக் குடம் கொண்டுபோனாலும் பின்னால் நின்று கத்துகிறோம்!

கணவன், மனைவி இருவரும் பிறந்தது பெப்ரவரி 22. 1926இல் அத்தினத்தை உலகச் சாரணியர் ஒருவரையொருவர் நினைக்கும் நாளாகத் தெரிந்தெடுத்தார்கள். பிறந்தநாளென்றால் பரிசும் வேண்டுமல்லவா என்று 1932இல் போலந்து மாநாட்டில் பெல்சியப் பிரதிநிதி கேட்டார். உடனே ஒலேவ் எல்லாச் சாரணியருக்கும் கடிதம் எழுதினார். ஆளுக்கு ஒரு பென்னி போதும் என்றார். அப்படிச் சேர்ந்த நிதி வேறு நாட்டுப் பிள்ளைகளுக்குப் போனது.

1941இல் கென்யாவில் கணவர் இறந்தார். மறு வருடம் ஒலேவ் நாடு திரும்பியபோது அவர்களுடைய வீட்டில் கனேடியப் படையினர் இருந்தார்கள். அவருக்கும் வீடில்லை. ஆயினும் 1945இல் போர் ஓய்ந்ததும் ஐரோப்பாவுக்குப் பயணமானார். அக்காலத்தில் பயிற்சிபெற்ற சாரணியர் குழுக்கள் கிரேக்கத்திலும் யேர்மனியிலும் அகதி முகாம்களில் பணி செய்தன. முகாம்களுக்குள்ளேயே பெண் பிள்ளைகள் அணிகளாகச் சேர்ந்தார்கள்.

குழுவாகக் கலந்துரையாட: எங்கள் முகாமில் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் முழுதாக ஒப்படைத்த வேலை எது?