கயிறு இழுத்துக் கை ஓய்ந்தவர்களுக்கு

நம்பிக்கைகளும் உண்மைகளும்

தை பிறந்து மாம்பூ நிறைந்து நிற்கும் நாட்களில், ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத் தோப்புகளில் விடியும்போதே ஒரு சத்தம் கேட்கும். முதுகில் மாட்டும் பவர் ஸ்பிரேயரின் கயிற்றை யாரோ இழுக்கிறார்கள். 'டுர்ர்' என்று எழும்பி அடங்குகிறது. மறுபடி இழுப்பு, மறுபடி அடக்கம். நாலைந்து தடவைக்கு மேல் எஞ்சின் சத்தம் ஓய்ந்து மனுஷச் சத்தம் தொடங்கிவிடும். பூவில் தத்துப்பூச்சி ஏறிவிட்டது, இன்றைக்கே மருந்தடித்தாக வேண்டும். மெஷினோ போன மாசியில் மூலையில் வைத்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் செண்பகத்தோப்புக்குப் போகும் வழியிலும் இதே பாடுதான். தேங்காயும் புல்லுக்கட்டும் சுமக்கிற பழைய டிவிஎஸ் மொபெட்டுகளும் இந்த வரிசையில் சேர்த்தி. கடலுக்கும் எங்களுக்கும் நடுவே கோவில்பட்டிக் கரிசல் முழுக்கக் கிடக்கிறது; ஆனாலும் தூத்துக்குடிக் கரையில் வள்ளத்தின் பின்னால் தொங்கும் பழைய அவுட்போர்டு மோட்டார் எங்கள் ஸ்பிரேயருக்கு அண்ணன் முறை. 1909-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் விற்கத் தொடங்கிய படகு மோட்டாரும் ஒற்றை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக்தான், ஒன்றரைக் குதிரைத் திறன். குடும்பம் ஒன்று என்பதால் நோய்களும் ஒன்று. அந்த நோய்களைப் பற்றிய மூடநம்பிக்கைகளும் தோப்பில் ஒன்று, கரையில் வேறு என்றில்லை.

அவற்றில் மூத்தது: "வயசாயிருச்சு அண்ணாச்சி, போர் போட்ருவோம்."

இழுவை குறைந்த எந்தப் பழைய எஞ்சினுக்கும் பட்டறையில் முதலில் கிடைக்கும் தீர்ப்பு இது. உண்மையில் போர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்சுவர், தேய்ந்து சாகிற எஞ்சின்கள் குறைவு. பெட்ரோலும் காற்றும் போகிற வழி அடைத்துப் படுத்துக்கொள்பவைதான் அதிகம். டூ ஸ்ட்ரோக்கில் ஒரு வசதி உண்டு, பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. சைலன்சரைக் கழற்றினால் புகை வெளியேறும் ஜன்னல் தெரியும். கயிற்றை மெதுவாக இழுத்துக்கொண்டே டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டன் மேலும் கீழும் போவது கண்ணுக்குத் தெரியும். பிஸ்டனின் பக்கம் வழவழப்பாக, ரிங் சிக்கிக்கொள்ளாமல், லேசாக அழுத்தினால் அசைந்து கொடுத்தால் போருக்கு அவசரமில்லை. மேலிருந்து கீழாக ஆழமான கோடுகள் விழுந்திருந்தால் மட்டும் பட்டறைக்காரர் சொன்னதைக் கேளுங்கள். எஞ்சினைத் திறக்காமலே பிஸ்டனை இப்படிப் பார்க்கிற சௌகரியம் நாலு ஸ்ட்ரோக்கில் கிடையாது.

அதே ஜன்னலில் இன்னொன்றையும் பார்க்கலாம்: கரி. பாதி ஜன்னல் கரியால் மூடியிருந்தால் எஞ்சின் மூச்சுவிட முடியாமல்தான் திணறுகிறது. பிஸ்டனைக் கீழே இறக்கி, ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு, மரக்குச்சியால் சுரண்டி எடுக்க வேண்டியதுதான். ஸ்குரூ டிரைவர் வேண்டாம், கீறல் விழும். சைலன்சரின் உள்குழாயைக் கழற்றி எறிந்துவிட்டால் பவர் கூடும் என்று நம்புகிறவர்களும் உண்டு. கூடுவது சத்தம் மட்டுமே. வெளியே போகிற புகையின் அழுத்தம் திரும்பி வந்து, எரியாத புதுக் கலவை நழுவிவிடாமல் தடுக்கிறது. குழாயைக் கழற்றினால் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல் எரியாமலே வெளியே போகும்.

அடுத்தது, "பழைய எஞ்சின்தானே, ஆயிலைக் கொஞ்சம் கூட ஊத்து."

பாசத்தில் செய்கிற கொடுமை இது. 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. எந்த அளவு என்பது மெஷினோடு வந்த புத்தகத்தில் இருக்கும், டேங்க் மேலேயே ஒட்டியும் இருக்கலாம். அதை விட்டுவிட்டு மூடியால் 'ரெண்டு மூடி' என்று ஊற்றினால் மிஞ்சின எண்ணெய் கரியாகி பிளக்கிலும் ரிங் பள்ளத்திலும் சைலன்சரிலும் உட்காருகிறது. பிறகு அந்தக் கரியைக் காட்டித்தான் "எஞ்சின் போச்சு" என்கிறார்கள். காருக்கு ஊற்றுகிற எஞ்சின் ஆயிலை இதில் கலப்பதும் தவறு. அதில் இருக்கும் உலோகச் சேர்க்கைகள் எரிந்தால் சாம்பலாகப் படியும். அவுட்போர்டுக்கென்று வரும் டி.சி.டபிள்யூ-3 ஆயில், தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கு. காற்றால் குளிர்ந்து, அதிகச் சூட்டில் ஓடும் ஸ்பிரேயருக்கு அது பொருந்தாது. மாமனார் ஊர் தூத்துக்குடி என்பதற்காக அங்கிருந்து ஆயில் டப்பா கொண்டுவர வேண்டாம்.

"சோக்கு போட்டா ஓடுதுல்ல, அப்படியே ஓட்டு" என்பது இன்னும் ஆபத்தானது. இதில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

சோக் என்பது காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுகிற தடுப்பு. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப அரை நிமிட வேலை. சூடான பிறகும் சோக் போட்டால்தான் ஓடுவேன் என்று எஞ்சின் அடம்பிடித்தால், எங்கோ பெட்ரோல் போதவில்லை அல்லது எங்கிருந்தோ காற்று கூடுதலாகப் புகுகிறது என்று பொருள். நாலு ஸ்ட்ரோக்கில் ஆயில் தனியே அடியில் கிடக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலந்து வருகிற எண்ணெய்தான் கிராங்க் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் ரிங்குக்கும். பெட்ரோல் பட்டினி என்றால் எண்ணெயும் பட்டினி. பட்டினி போட்டுக்கொண்டே முழு ரேஸில் ஒரு தோப்பு முழுக்க மருந்தடித்தால் பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்குத்தான் போர் போடும் செலவு நிஜமாகவே வரும்.

பெட்ரோல் தீரப்போகிற நேரத்தில் எஞ்சின் திடீரென்று கூவிக்கொண்டு வேகம் பிடிக்கும், கவனித்திருப்பீர்கள். "இப்பத்தான் நல்லா எடுக்குது" என்று சந்தோஷப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது பட்டினியின் கூச்சல். ரேஸைக் குறையுங்கள்.

காற்று திருட்டுத்தனமாக நுழைகிற இடங்கள் இரண்டு: கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள பேக்கிங், கிராங்கின் இரு முனைகளிலும் இருக்கிற ஆயில் சீல். ஐட்லிங்கில் வைத்து அந்த இணைப்பில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால், ஓடும் வேகம் மாறுகிறதா என்று காது சொல்லிவிடும். சீல் போயிருந்தால் புது கார்புரேட்டர் மாட்டினாலும் பயனில்லை. ஜெட் அடைப்புக்கு ஊக்கையும் கம்பியையும் விட்டுக் குடைவது இன்னொரு பழக்கம். அந்த ஓட்டையின் அளவுதான் ஜெட்டின் உயிர். ஊதிச் சுத்தம் செய்யுங்கள், குடையாதீர்கள்.

இனி என் சொந்த அவமானம். "சூடானா நிக்குது, காயில் போச்சு."

என் ஸ்பிரேயர் பத்து நிமிடம் அருமையாக ஓடும். பிறகு மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றுவிடும். கால் மணி நேரம் நிழலில் வைத்தால் மறுபடி பத்து நிமிடம். சூட்டில்தான் நிற்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, எனக்கும்தான். ஒரு பட்டறையில் காயில் மாற்றினார்கள், இன்னொரு பட்டறையில் பிளக். காயில் சூடானால் தகராறு செய்வது உண்மையாகவே நடக்கிற விஷயம் என்பதால் அவர்கள் மேல் கோபப்படவும் வழியில்லை. கடைசியில் ஒருநாள் தோப்பில் நின்றுபோனதும், பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திருகினேன். 'புஸ்' என்று காற்று உள்ளே போனது. மூடியைப் போட்டு இழுத்தேன், முதல் இழுப்பிலேயே எடுத்தது.

மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு காற்றோட்டை இருக்கும். அதில் ஏதோ குளவி மண்ணை அப்பிக் கூடு கட்டியிருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்கில் வெற்றிடம் கூடி, ஒரு கட்டத்தில் பெட்ரோல் இறங்குவதே நின்றுவிடும். ஓய்வெடுக்கும் நேரத்தில் காற்று எப்படியோ கசிந்து நுழைந்துவிடும். அவுட்போர்டிலும் தனி டேங்கின் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறக்க மறந்தால் இதே கூத்துதான், அங்கே கரையிலிருந்து கொஞ்ச தூரம் போன பிறகு. சோதனை எளிது. நின்ற அந்த நொடியிலேயே மூடியைத் திறந்து மூடி, இழுத்துப் பாருங்கள். எடுத்தால் மூடி. எடுக்காவிட்டால் சூடு ஆறுவதற்குள் பிளக்கைக் கழற்றிப் பொறி பாருங்கள். பொறி இல்லை என்றால் காயில்.

பொறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியே வைத்துப் பார்த்தால் பொறி வருகிறது என்பதற்காக பிளக்கோ காயிலோ நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. சிலிண்டருக்குள் அழுத்தத்தில் பொறி தாண்ட இன்னும் அதிக மின்னழுத்தம் வேண்டும். மங்கலான ஆரஞ்சு நிறம் என்றால் சந்தேகப்படலாம். 'மைகோ பிளக்' என்று இன்றும் தவறாமல் கேட்கிறோம்; பெங்களூரில் 1951-ல் தொடங்கிய அந்த நிறுவனம் 2008-லேயே பாஷ் என்று பெயர் மாறிவிட்டது. பெயர் போகட்டும், எண்ணைப் பாருங்கள். என்ஜிகே பிளக்கில் எண் கூடக் கூட பிளக் குளிர்ச்சி; பாஷில் நேர் எதிர். மரை பொருந்துகிறது என்று ஒன்றுக்கு ஒன்று மாட்டினால் ஒன்று கரி பிடிக்கும் அல்லது சூடேறும்.

பெட்ரோல் கெட்டுப்போகாது என்கிறீர்களா? ராஜபாளையத்துச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் பத்து மாதம் வைத்துப் பாருங்கள். எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துவிடும், கார்புரேட்டர் கிண்ணத்தில் பிசின் மிஞ்சும். இப்போது எத்தனாலும் சேர்ந்துகொண்டது. 2022-ல் நாட்டின் சராசரிக் கலப்பு 10 விழுக்காட்டைத் தொட்டது; 2023 பிப்ரவரியில் 20 விழுக்காட்டுப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் இழுத்தால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும், கார்புரேட்டர் முதலில் குடிப்பது அதைத்தான். பழைய ரப்பர் குழாய்களும் ஊறிப்போகும். அதற்காக எல்லாப் பழியையும் எத்தனால் தலையில் போடுவதும் நியாயமில்லை. அது வருவதற்கு முன்பும் தை மாதத்தில் நாங்கள் கயிறு இழுத்துக்கொண்டுதான் இருந்தோம். சந்தேகமிருந்தால் அளவுக்குழாயில் 50 மில்லி பெட்ரோலோடு 10 மில்லி தண்ணீர் விட்டுக் குலுக்கி வையுங்கள். அடியிலுள்ள நீர் 20 மில்லிக்கு ஏறினால் 20 விழுக்காடு கலப்பு. அந்தப் பெட்ரோலைத் திரும்ப டேங்கில் ஊற்றிவிடாதீர்கள்.

"விலை குறைவு, சீமெண்ணெய் கலந்துக்கலாம், கடல்ல அதுலதானே ஓட்டுறாங்க" என்பதற்கும் பதில் கடற்கரையில்தான் இருக்கிறது. சீமெண்ணெயில் ஓடும் அவுட்போர்டுகள் அதற்கென்றே குறைந்த அழுத்தத்தில் செய்யப்பட்டவை. அவற்றையும் பெட்ரோலில்தான் கிளப்புவார்கள். சூடான பிறகே சீமெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துமுன் மறுபடி பெட்ரோலுக்கு வருவார்கள், இல்லையென்றால் மறுநாள் குளிர்ந்த எஞ்சின் எடுக்காது. பெட்ரோல் ஸ்பிரேயரில் சீமெண்ணெய் கலந்தால் தட்டுகிற சத்தம்தான் மிச்சம். சூட்டுக்கும் பாடம் அங்கேதான்: வள்ளக்காரர்களின் கண் எப்போதும் இருப்பது மோட்டாரின் பக்கத்தில் பீய்ச்சும் மெல்லிய நீர்த்தாரை மேல். அது நின்றால் தண்ணீர் ஏற்றும் ரப்பர் சக்கரம் தேய்ந்துவிட்டது அல்லது வழி அடைத்துவிட்டது. உடனே அணைத்தாக வேண்டும். எங்கள் மெஷினில் அந்த வேலையைக் குளிர்ச்சித் தகடுகள் செய்கின்றன. மருந்துப் பொடியும் மாம்பூத் துகளும் அந்தத் தகடுகளின் இடுக்கில் கெட்டிப்பட்டுக் கிடப்பதை எத்தனை பேர் தட்டி எடுக்கிறோம்?

மாசியில் கடைசி மருந்தடிப்பு முடிந்ததும் நான் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகையும் திறந்து வடித்துவிடுகிறேன். பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் சில சொட்டு டூ ஸ்ட்ரோக் ஆயில், கயிற்றில் இரண்டு மெதுவான இழுப்பு, மறுபடி பிளக். குளவிக்காக மூடியின் காற்றோட்டை மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப். போன தையில் அந்த டேப்பை உரிக்க மறந்துவிட்டேன். பத்து நிமிடம் அருமையாக ஓடியது.