தாத்தாவின் மிஷினில் இருக்கும் ‘டி’

அன்புள்ள யாழினி,

புதுக் காது மிஷின் போட்டும் கல்யாண மண்டபத்தில் தாத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லையே, மிஷின் கோளாறா என்று கேட்டிருந்தாய். அநேகமாக இல்லை.

வயதானால் முதலில் மங்குவது உச்ச ஸ்தாயி ஒலிகள். உயிரொலிகள் கனமானவை, அவை தாத்தாவுக்குக் கேட்டுவிடும். க, ச, த, ப இவற்றின் கூர்மைதான் நழுவும். சொன்னது கடையா, தடையா, படையா? “சத்தம் கேக்குது, பேச்சு புரியல” என்று அவர் சொல்வது இதைத்தான். இந்த ஒலிகளை மிஷின் தூக்கித் தரும். ஆனால் அதன் மைக் இருப்பது அவர் காதோரம். பேசுகிறவர் இருப்பதோ மேடையில். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்கக் குரல் 6 டெசிபல் இறங்கும். மண்டபத்திலோ சுவர்களின் எதிரொலி வேறு. பக்கத்துப் பந்தியின் எவர்சில்வர் சத்தத்தையும் மிஷின் சேர்த்தே பெருக்கும். இன்னும் விலை கூடிய மிஷின் வாங்கினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொன்னால் உடனே தலையாட்டாதே.

மைக்கைப் பேசுகிறவர் வாயருகே கொண்டுபோவதுதான் வழி. காது மந்தமான பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் ஆசிரியர் சட்டையில் சின்ன மைக் மாட்டுவது இதற்காகத்தான். அவர் குரல் இரைச்சலைவிட 15 டெசிபலாவது மேலே நிற்க வேண்டும் என்பது ஆடியாலஜிஸ்டுகள் சொல்லும் கணக்கு.

அரங்கம் முழுக்க இதைச் செய்ய ஒரு பழைய வித்தை உண்டு. லண்டனில் ஜோசப் பொலியகாஃப் 1937-இல் காப்புரிமை பெற்றது. அரங்கைச் சுற்றி ஒரு கம்பியை லூப்பாக ஓட்டி, மேடை மைக்கின் மின்னோட்டத்தை அதில் செலுத்தினால் காந்தப்புலம் உண்டாகும். மிஷினுக்குள் இருக்கும் செம்புக்கம்பிச் சுருள் அதைப் பிடித்து மறுபடி குரலாக்கும். நடுவில் குரல் காற்று வழியே வராததால் எதிரொலியும் இல்லை, பந்திச் சத்தமும் இல்லை. அந்தச் சுருளுக்கு டெலிகாயில் என்று பெயர். முதலில் டெலிபோன் ரிசீவருக்காக வைத்தது. லண்டன் டாக்சிகளில்கூட இந்த லூப் உண்டு. காதுப் படத்தோடு ‘டி’ எழுத்துப் போட்ட பலகை அதற்கு அடையாளம்.

ஒரு சங்கடம். மிஷினை டெலிகாயில் நிலையான ‘டி’க்கு மாற்றிவிட்டுப் பழைய ட்யூப்லைட் சோக்கின் கீழே நின்றால் ‘ம்ம்ம்’ என்று உறுமும், மின்சாரத்தின் காந்தப்புலமும் உள்ளே நுழைவதால். இரண்டடி தள்ளி நின்றாலே குறையும்.

லூப்புக்குப் பதிலாகப் புளூடூத்காரர்கள் 2022-இல் ஆராகாஸ்ட் என்று ஒன்றை அறிவித்தார்கள். ஒரே ஒலிபரப்பை எத்தனை பேர் வேண்டுமானாலும் நேரே தங்கள் மிஷினில் வாங்கலாம். அதற்கேற்ற மிஷின் வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது உன் வேலை. தாத்தாவின் மிஷினில் டெலிகாயில் இருக்கிறதா என்று ஆடியாலஜிஸ்டிடம் கேள். வெளியே தெரியக்கூடாது என்று காதுக்குள் ஒளிக்கிற குட்டி மிஷின்களில் பெரும்பாலும் இடமிருக்காது. (அப்படி மறைப்பதில் என்ன கௌரவமோ!) டெலிகாயில் இருந்தாலும் ‘டி’ புரோகிராமை ஆடியாலஜிஸ்ட்தான் கம்ப்யூட்டரில் திறந்துவிட வேண்டியிருக்கும். பிறகு, கழுத்தில் மாலைபோல் போடும் நெக்லூப் ஒன்று வாங்கி டி.வி.யின் ஹெட்ஃபோன் துளையில் செருகினால், செய்தி வாசிப்பவர் குரல் நேரே தாத்தாவின் காதுக்குப் போகும். சில டி.வி.களில் அந்தத் துளையே கிடையாது, உங்கள் டி.வி.யின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சித்தி