பனிக்கட்டி முழுதும் உருகுமா?

பள்ளித் தேர்வொன்றில் நான் எழுதிய விடையை நினைத்தால் இன்றும் நாணம் வருகின்றது. 30 டிகிரியிலுள்ள 200 கிராம் நீரில், 0 டிகிரியிலுள்ள 100 கிராம் பனிக்கட்டியை இட்டால் இறுதி வெப்பநிலை என்ன என்பது வினா. மனப்பாடம் செய்திருந்த வாய்பாட்டில் எண்களை இட்டேன், விடை −6.7 டிகிரி! அதனை இருமுறை அடிக்கோடும் இட்டேன். 0 டிகிரிக்குக் கீழான பொருள் எதுவும் இல்லாத கிண்ணத்தில் அந்தக் குளிர் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. மதிப்பெண் போயிற்று. இன்று பெங்களூரில், விடுதியிலுள்ள தம்பிமார் சிலருடைய குறிப்பேடுகளிலும் அதே பிழையைக் காண்கின்றேன். ஆகவே இதனை எழுதத் துணிந்தேன்.

பிழை வாய்பாட்டில் இல்லை. பனிக்கட்டி முழுதும் உருகிவிடும் என்று கேளாமலே கொண்டுவிட்டோமே, அதுதான் பிழை. ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடேற்ற 1 கலோரி போதும். ஆனால் ஒரு கிராம் பனிக்கட்டியை, வெப்பநிலை சிறிதும் ஏறாமல், நீராக்குவதற்கு மட்டும் 80 கலோரி வேண்டும். இதுவே உள்ளுறை வெப்பம். 1760களில் ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் என்னும் பேராசிரியர் இவ்வுண்மையை விளக்கினார்.

ஆகவே முதலில் வரவு செலவு பாருங்கள். நீர் 0 டிகிரிக்குக் குளிர்ந்தால் தரக்கூடியது 200 × 30 = 6,000 கலோரி. பனிக்கட்டி முழுதும் உருக வேண்டுவது 100 × 80 = 8,000 கலோரி. வரவு போதாது. எனவே 6,000 ÷ 80 = 75 கிராம் உருகும்; 25 கிராம் மிதக்கும்; வெப்பநிலை 0 டிகிரியிலேயே நிற்கும். பனிக்கட்டி 50 கிராம் மட்டும் எனில் செலவு 4,000. மீதி 2,000 கலோரி, 250 கிராம் நீரைச் சூடேற்றும். விடை 8 டிகிரி. கிண்ணம் கொள்ளும் வெப்பத்தை ஈண்டுக் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்த 80 கலோரியின் பெருமையை ஒரு கப்பல் நமக்குக் காட்டுகின்றது. 1833ஆம் ஆண்டில் பிரெடரிக் டியூடர் என்னும் அமெரிக்க வணிகர் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு 180 டன் பனிக்கட்டி அனுப்பினார். நான்கு திங்கள் கடந்து, ஏறத்தாழ 100 டன் கரை சேர்ந்தது. உட்புகுந்த வெப்பம் 80 டன்னை உருக்கிற்று. பனிக்கட்டி உள்ளுறை வெப்பம் கேளாமல் உருகும் பொருளாக இருந்திருந்தால், அதே வெப்பம் 180 டன்னையும் 80 × 80 ÷ 180, அதாவது ஏறத்தாழ 36 டிகிரி வெந்நீராக்கியிருக்கும்! இவ்வணிகத்திற்காகச் சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்ததே ஐஸ் ஹவுஸ். இன்று அது விவேகானந்தர் இல்லம். எனினும் பழைய பெயர் அவ்வட்டாரத்தில் வழங்கி வருகின்றது.

இனி நீராவி. பெங்களூர் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 920 மீட்டர் மேலே இருப்பதால், இங்கே நீர் 97 டிகிரி அளவிலேயே கொதிக்கின்றது. 30 டிகிரியிலுள்ள 200 கிராம் நீரில் 10 கிராம் கொதிநீரை ஊற்றினால் கலவை 33 டிகிரியே ஆகும். 10 கிராம் நீராவியைச் செலுத்தினாலோ 59 டிகிரி! ஒவ்வொரு கிராம் ஆவியும் நீராகும்போது ஏறத்தாழ 540 கலோரியை விடுவதே காரணம். ஈண்டும் முதற்கேள்வி ஒன்றுண்டு: ஆவி முழுதும் நீராகுமா? 200 கிராம் நீர் 97 டிகிரியை எட்ட 13,400 கலோரி போதும். ஆகவே ஏறத்தாழ 25 கிராம் ஆவிக்கு மேல் செலுத்தினால் எஞ்சியது வெளியேறிவிடும்.

இது தேர்வுக்கு மட்டும் உரிய செய்தியன்று. 37 டிகிரியிலுள்ள நம் உடலில் ஒரு கிராம் கொதிநீர் விடக்கூடிய வெப்பம் 60 கலோரி. ஒரு கிராம் நீராவி விடக்கூடியது 600. சிறுவயதில் இட்லிக் கொப்பரையின் மூடியை அவசரமாகத் திறந்த என் வலக்கை இக்கணக்கை எனக்கு முன்னரே கற்பித்துவிட்டது. மூடியை நம் முகத்திற்கு எதிர்ப்புறமாகச் சாய்த்துத் திறத்தல் வேண்டும்.

நண்பர்களே, வாய்பாட்டை எடுக்குமுன் போதுமா என்று கேளுங்கள். விடை வந்தபின், இது நடக்கக்கூடியதா என்று கேளுங்கள். அதன் பிறகு அடிக்கோடு இடலாம்.