கெர்னல் பிழை பிடிக்கும் வேலை: எங்கே தொடங்குவது?

மங்கலம்பேட்டையிலிருந்து பஸ் ஏறி விருத்தாசலத்தில் கணினி அறிவியல் படிப்பவரா நீங்கள்? சைபர் செக்யூரிட்டி என்றால் வெப்சைட்டும் பாஸ்வேர்டும் மட்டுமல்ல. போனுக்குள் ஆப்களைக் கட்டி ஆளும் கெர்னலிலும் வேலை இருக்கிறது. ஆண்ட்ராய்டு ஓடுவது லினக்ஸ் கெர்னலில். அதன் கோடை யாரும் படிக்கலாம்.

பழைய பிழையில் தொடங்குங்கள்

ஆப்கள் ஒன்றோடொன்று பேச உதவும் பைண்டர் டிரைவரில் ஒரு பிழை இருந்தது. த்ரெட் முடிந்ததும் அதன் மெமரி விடுவிக்கப்படும். ஆனால் நிகழ்வுகளைக் கவனிக்கும் ஈபோல் என்ற கெர்னல் அமைப்பு அதே முகவரியை விடாமல் வைத்திருக்கும். அந்த இடத்தில் வேறு தரவை நுழைப்பவர் கையில் போன் சிக்கிவிடும். 2017 இறுதியில் சிஸ்காலர் என்ற கருவி இதைப் பிடித்தது. 2018 பிப்ரவரியில் சில கெர்னல்களில் சரிசெய்தார்கள். ஆனால் பிக்சல் 2 போன்ற போன்களுக்கு அந்தத் திருத்தம் போகவில்லை. 2019 செப்டம்பரில் கூகுளின் மேடி ஸ்டோன் எச்சரித்த பிறகு, அக்டோபர் அப்டேட்டில்தான் பிக்சலில் ஓட்டை அடைபட்டது. திருத்தம் எங்கே போய்ச் சேரவில்லை என்று தேடுவதும் இந்தத் தொழிலில் பாதி.

படிக்க வேண்டியவை

1. சி மொழி, குறிப்பாக பாயின்டர், மெமரி.
2. ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடம், ஆர்ம் அசெம்பிளி.
3. கிட். கெர்னலை நீங்களே பில்ட் செய்து க்யூஎமு எமுலேட்டரில் ஓட்டுங்கள். சொந்தப் போனைப் பணயம் வைக்க வேண்டாம்.
4. கேசன், சிஸ்காலர். முதலாவது மெமரி பிழையைக் காட்டிக்கொடுக்கும். இரண்டாவது அதைத் தேடிப் பிடிக்கும்.

வருமானம்

சிப், போன் நிறுவனங்களில் இதற்கென்றே குழுக்கள் உண்டு. பிழைக்குப் பரிசும் உண்டு: இந்தூரின் பக்ஸ்மிரர் குழுவைச் சேர்ந்த அமன் பாண்டே 2021-இல் மட்டும் 232 பிழைகளை அனுப்பி, கூகுளின் ஆண்ட்ராய்டு பரிசுத் திட்டத்தில் முதலிடம் பிடித்தார். ஆனால் பரிசை மாதச் சம்பளமாக நம்பாதீர்கள்.

எல்லைக்கோடு

அடுத்தவர் போனில் அனுமதியின்றிச் சோதித்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 பாயும். தீய நோக்கம் நிரூபணமானால் 66-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. கண்டதைத் தயாரிப்பாளருக்கோ இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கோ முதலில் தெரிவியுங்கள். திருத்தம் வரும்வரை வாய் திறக்காதீர்கள்.

முதல் மாத வேலை

ஆண்ட்ராய்டின் மாதாந்திரப் பாதுகாப்பு அறிக்கையிலிருந்து ஒரு கெர்னல் பிழையை எடுங்கள். திருத்தத்துக்கு முன்னும் பின்னும் கோடை ஒப்பிட்டு, எந்த வரி மாறியது, ஏன் மாறியது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். இப்படிப் பத்துப் பக்கம் சேர்ந்தால், இன்டர்வியூவில் சான்றிதழுக்கு முன்னால் அதை நீட்டலாம்.