தொழிலாகச் சொல்லிக்கொடு

அன்புள்ள தம்பி,

ஆட்டிசம் உள்ள இளைஞர்களுக்குப் படமெடுக்கச் சொல்லித்தரக் கூப்பிடுகிறார்கள், போகலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போ. ஆனால் அவர்களைக் குணப்படுத்தப் போகிறோம் என்ற நினைப்போடு போகாதே. நீ சொல்லிக்கொடுக்கப் போவது ஒரு தொழில்.

அமெரிக்காவில் ஜோயி டிரவோல்ட்டா செய்தது அதைத்தான். நடிகர் ஜான் டிரவோல்ட்டாவின் அண்ணன். சிறப்புக் கல்வி ஆசிரியராக இருந்து சினிமாவுக்கு வந்தவர். ஆட்டிசம் உள்ள டெய்லர் கிராஸ் என்ற பையன், தன்னைப் போன்றவர்களைப் பேட்டி கண்டு ‘நார்மல் பீப்பிள் ஸ்கேர் மீ’ என்ற ஆவணப்படம் எடுத்தபோது கூட நின்றவர் அவர். அது வந்தது 2006இல். மறு ஆண்டே ‘இன்க்ளூஷன் ஃபிலிம்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, கலிஃபோர்னியாவில் இப்படிப்பட்டவர்களுக்குக் கதை எழுதுவதிலிருந்து எடிட்டிங் வரை பயிற்சி தர ஆரம்பித்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் 2011இல் தொடங்கிய ‘எக்ஸப்ஷனல் மைண்ட்ஸ்’ என்பதும் ஆட்டிசம் உள்ளவர்களுக்கான பள்ளிதான்; அங்கே படித்தவர்கள் ஹாலிவுட் படங்களுக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் செய்கிறார்கள்.

இனி உன் வகுப்புக்கு வருவோம். முதலில் சத்தத்தைக் குறை. கிளாப் போர்டை ஓங்கி அடிக்காதே. மைக் பக்கத்தில் மெல்லத் தட்டினாலே போதும். மினுக்குகிற டியூப் லைட்டை மாற்றிவிடு. நமக்குப் பழகிப்போன ஒரு சத்தமும் வெளிச்சமும் அவர்களில் சிலருக்கு உடம்பையே உலுக்கிவிடும். அன்றைக்கு எடுக்கப்போகும் ஷாட்டுகளைப் படமாக வரைந்து, வரிசையாகச் சுவரில் ஒட்டு. பேசாத பிள்ளைகள் அதைத் தொட்டுக் காட்டுவார்கள். வரிசையை மாற்ற வேண்டி வந்தால் முன்கூட்டியே சொல். முகம் பார்த்துப் பேசு என்று யாரையும் வற்புறுத்தாதே.

“கொஞ்சம் ஃபீலோட எடு” என்றால் யாருக்குத்தான் புரியும்? “பஸ் நின்றதும் ஆரம்பி, கடைசி ஆள் இறங்கியதும் நிறுத்து” என்று சொல்லிப் பார். (நம் உதவி இயக்குநர்களுக்கும் இப்படிச் சொன்னால் எவ்வளவோ நேரம் மிச்சமாகும்.)

ஒரு பையன் மின்விசிறியை மட்டும் மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டு வரலாம். அழித்துவிடாதே. எடிட்டிங் மேசையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடம் பிடிக்கிறது என்று கேள். விசிறி வேகம் குறைந்து, ஒவ்வொரு இறக்கையும் தனித்தனியாகத் தெரிகிற நொடியில் அவன் விரல் வைக்கலாம். அங்கேதான் வெட்ட வேண்டும். வெட்டியது பிடிக்காவிட்டால் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால் எடிட்டிங்கில் பயம் குறைவு. அதற்காக எல்லோரையும் அதிலேயே உட்கார வைத்துவிடாதே. ஒருத்திக்கு நடிக்கத்தான் ஆசை இருக்கும்.

படம் முடிந்ததும் ‘சிறப்புக் குழந்தைகளின் முயற்சி’ என்று போடாதே. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு என்று அவரவர் வேலைக்கு நேராக அவரவர் பெயரைப் போடு. நாளைக்கு நீ உன் படத்துக்கு ஆள் தேடும்போது அவர்களையும் கூப்பிடு. சம்பளத்தை முதலிலேயே பேசிவிடு.

அன்புடன்,
அண்ணன்