கடைசி வீட்டுக்குச் சோறு

அன்புள்ள தம்பிக்கு,

ஊர் கட்டும் கணினி விளையாட்டான பானிஷ்டில், களஞ்சியத்தில் உணவு மிச்சமிருக்கும்போதே உன் ஊர்க்காரர்கள் பட்டினியால் சாகிறார்கள், வயல்களைக் கூட்டினால் சரியாகிவிடுமா என்று கேட்டிருந்தாய். ஆகாது என்பதே என் பதில். திரையில் தெரிகிற மொத்த உணவின் எண் ஊருக்குப் பொதுவானது. பசி வீட்டுக்கு வீடு தனி. அந்த விளையாட்டில் ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 அலகு உண்கிறார். 60 பேருக்கு 6,000 அலகு இருந்தால் ஓராண்டுக்குப் போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் பயிர் அறுவடை ஆண்டுக்கு ஒருமுறைதான். களஞ்சியம் நிரம்பியதும் பார்க்கிற எண் வீண் தைரியம் தரும். அடுத்த அறுவடைக்குச் சற்று முன்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார். அதோடு, தூரத்தில் வேலை செய்கிறவர் பசித்தால் வீட்டுக்கு நடந்து வந்துதான் சாப்பிட வேண்டும். வீட்டில் இல்லையென்றால் களஞ்சியத்துக்கோ சந்தைக்கோ மறுபடி நடக்க வேண்டும். அந்த நடையில்தான் உயிர் போகிறது. உணவு இருக்கிறதா என்பதோடு, கடைசி வீட்டுக்கு அது உரிய நேரத்தில் போய்ச் சேருகிறதா என்பதும் கேள்வி.

இதற்குச் சான்று உன் மயிலாப்பூரிலேயே இருக்கிறது. திருமயிலை ரயில் நிலையத்தை ஒட்டிக் கிடக்கிற பக்கிங்ஹாம் கால்வாயில், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி 1877-78ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசித்தவர்கள் கூலிக்காக வெட்டிய கால்வாய் அது. அந்தப் பஞ்சத்தில் மழை பொய்த்து விளைச்சல் குறைந்தது உண்மை. ஆனால் அதே நாட்களில் கப்பலில் வந்த அரிசி மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் குவிந்து கிடந்தன. இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதியும் நிற்கவில்லை. உள்மாவட்டங்களுக்கு வேண்டிய வேகத்தில் ரயிலால் ஏற்றிச் செல்ல முடியவில்லை. போய்ச் சேர்ந்த இடத்திலும் விலை கூலிக்காரர் கைக்கு எட்டவில்லை. லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். உணவு இருப்பதும் அதைப் பெறும் வழி மக்களுக்கு இருப்பதும் வேறுவேறு என்று பொருளியலாளர் அமர்த்தியா சென் 1981ல் தம் நூலில் நிறுவினார். அவர் முதன்மையாக எடுத்துக்கொண்டது 1943ன் வங்கப் பஞ்சம்.

அண்மைச் சான்றும் உண்டு. கொத்தவால் சாவடியிலிருந்து மொத்த வியாபாரம் 1996ல் கோயம்பேட்டுக்கு மாறிய பின், நகரத்தின் காய்கறி பெரும்பாலும் அந்த ஒரே வாசல் வழியாக வந்தது. 2020 மே மாதம் கொரோனா பரவலால் சந்தையை மூடினார்கள். காய்கறி வியாபாரம் திருமழிசைக்குப் போனது. தோட்டத்தில் விளைச்சல் குறையவில்லை. ஆனாலும் நகரத்துக்கு வரத்து குறைந்து விலை ஏறியது. எல்லாவற்றையும் ஒரே களஞ்சியத்தில் சேர்த்து வைக்கிற ஊருக்கு இருக்கிற ஆபத்து இதுதான்.

விளைவித்தால்தானே பங்கிட முடியும் என்று நீ கேட்கலாம். நியாயம்தான். விளைச்சலே இல்லாத இடத்தில் எந்தப் பங்கீடும் உதவாது. ஆனால் விளைச்சலைக் கூட்ட ஆள் வேண்டும், ஆளுக்கு வீடு வேண்டும், வீடு கட்டினால் குழந்தைகள் பிறக்கும். அவர்கள் உழைக்கிற வயதுக்கு வருமுன்பே உண்ணத் தொடங்கிவிடுவார்கள். வயலை மட்டும் பெருக்குகிற ஊர் இப்படித்தான் தன் பசியையும் பெருக்கிக்கொள்கிறது. களஞ்சியங்களைப் பிரித்துக் கட்டினால் மரமும் கல்லும் ஆள்வேலையும் வீணாகாதா என்பது அடுத்த கேள்வி. செலவு கூடும். ஆனால் உழவர் ஒருவர் பட்டினியால் இறந்தால் அடுத்த அறுவடை குறையும், அதனால் இன்னும் சிலர் இறப்பார்கள். அந்தச் சரிவை நிறுத்த ஆகும் விலையோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு சிறிது. வெறும் விளையாட்டை வைத்து நிஜ ஊரை அளக்கலாமா என்றும் கேட்பார்கள். முழுவதும் அளக்க முடியாது. பானிஷ்டில் பணமே கிடையாது. களஞ்சியத்தை எட்டியவர் எடுத்துக்கொள்ளலாம். அங்கே பசிக்குக் காரணம் தூரமும் காலமும். நிஜ ஊரில் இவற்றோடு விலையும் சேருகிறது.

ரேஷன் கடையின் அருமை இங்கேதான் விளங்கும். தெருவுக்கு அருகில் இருப்பதால் தூரத்தையும், மாதாமாதம் கொடுப்பதால் காலத்தையும், 2011 ஜூன் முதல் அரிசியை இலவசமாகத் தருவதால் விலையையும் அது ஒருசேரச் சமாளிக்கிறது. 1997ல் மத்திய அரசு மலிவு விலைப் பங்கீட்டை ஏழைகளுக்கெனச் சுருக்கியபோதும், தமிழ்நாடு அதை எல்லோருக்குமாக வைத்துக்கொண்டது. வசதியுள்ளவருக்கும் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் வடிகட்டும்போது தவறிப்போகிற ஏழை, பசியோடு கிடப்பார். வசதியுள்ளவர் வாங்கும் அரிசியால் யாரும் சாகப்போவதில்லை.

ஆகவே அடுத்த ஊரை இப்படி நடத்து. உணவும் ஆளும் போதுமா என்று பார்த்தபின் வீடு கட்டு. வேலையிடத்துக்கு அருகே வீட்டையும், வீட்டுக்கு அருகே களஞ்சியத்தையும் வை. வயலோடு மீன்துறையையும் காட்டில் காய்கனி சேகரிப்பதையும் சேர்த்துக்கொள். பனியில் பயிர் கருகினாலும் ஊர் பிழைக்கும். நாளை நீ வாக்களிக்கிற வயதுக்கு வந்து, உணவுக் கையிருப்பு சாதனை அளவில் இருக்கிறது என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அது எந்த வீடு வரை போய்ச் சேர்ந்திருக்கிறது என்று கேள்.

அன்புடன்,
உன் அண்ணன்