வயரிங்கிலிருந்து எஸ்டிமேட்டுக்கு

கேள்வி: எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து, சைட்டில் வயரிங் வேலை பார்க்கிறேன். எஸ்டிமேட்டர் ஆக என்ன வழி?
- வாசகர், ஈரோடு

பதில்: சைட் அனுபவம்தான் உங்கள் பெரிய பலம். ஒரு வீட்டு வரைபடத்தை எடுத்து லைட், ஃபேன், பிளக் பாயிண்டுகளை எண்ணிப் பழகுங்கள். வயர் நீளம் போடும்போது சுவரில் ஏறி இறங்குவதையும் சேருங்கள். புதியவர்கள் விட்டுவிடுவது அதைத்தான். வயர் பெரும்பாலும் 90 மீட்டர் காயிலாக வருகிறது. துண்டு விழும் சேதாரமும் கணக்கில் வரட்டும். எக்செல், ஆட்டோகேட் கற்றுக்கொள்ளுங்கள். மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலைப் படியுங்கள். ஒரு பாயிண்டுக்கான தொகையில் என்னென்ன அடங்கும் என்பது புரியும். காப்பர் விலை அடிக்கடி மாறுவதால், கொட்டேஷனில் அது செல்லுபடியாகும் நாளைக் குறிப்பிடுங்கள். வேலை முடிந்ததும் உங்கள் மதிப்பீட்டை உண்மைச் செலவோடு ஒப்பிடுங்கள். உங்கள் கான்ட்ராக்டரிடமே எஸ்டிமேட் வேலை கேளுங்கள், தயங்க வேண்டாம்.